முயலுக்கும் மருத்துவர் வேண்டும்

கால்நடை மருத்துவம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவை பசு, எருமை, ஆடு, கோழி ஆகியவையே. உழவையும் பாலையும் நம்பி வாழ்ந்த சமூகத்தில் இது இயல்பானது. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள கால்நடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 53.6 கோடி. அவற்றின் நலனே கோடிக்கணக்கான குடும்பங்களின் வருவாய் என்பதால், நமது கால்நடை மருத்துவக் கல்வியும் மருந்தகங்களும் அவற்றை மையமாகக் கொண்டு வளர்ந்தன. நகரங்களில் வளர்ப்பு நாய்கள் பெருகிய பிறகு, நாய்க்கும் பூனைக்குமான தனியார் சிகிச்சையகங்கள் தோன்றின.

இந்த வரிசையின் கடைசியில் நிற்பவை முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர், 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் அழைக்கும் சிறு கிளிகள் போன்ற சின்னஞ்சிறு பிராணிகள். நாய் வளர்க்க இடமில்லாத அடுக்ககங்களிலும், வாடகை வீடுகளிலும் குழந்தைகளின் விருப்பத்துக்காக இவை வாங்கப்படுகின்றன. நோயுற்றால் எங்கே கொண்டு செல்வது என்ற கேள்வி வாங்கும்போது எழுவதில்லை. 'ராத்திரி நன்றாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் செத்துக் கிடந்தது' என்பதோடு பல வீடுகளில் இவற்றின் கதை முடிந்துவிடுகிறது.

அந்த மரணங்களில் பல தவிர்க்கக்கூடியவை. உரிமையாளருக்குச் சில அடிப்படைச் செய்திகளும், அருகிலுள்ள மருத்துவருக்கு இச்சிற்றுயிர்கள் குறித்த பயிற்சியும் இருந்தால் போதும்.

மறைக்கப்படும் நோய்

முயலும் கினிப் பன்றியும் இயற்கையில் இரையாகும் உயிரினங்கள். கூட்டத்தில் தளர்ந்து தெரிவதைத்தான் வேட்டையாடும் விலங்கு முதலில் பிடிக்கும். எனவே நோயை வெளிக்காட்டாமல் இருப்பது அவற்றின் பிறவி இயல்பு. நாயைப்போல் அவை ஊளையிடுவதில்லை. காலைத் தூக்கிக் காட்டுவதில்லை. மூலையில் ஒடுங்கி அமர்தல், பற்களை நறநறவென்று கடித்தல், வழக்கமான கீரையை முகர்ந்துவிட்டு விலகுதல் என்பவையே அவற்றின் மொழி. பறவை என்றால் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடித்தளத்தில் அமர்ந்திருக்கும். அந்த நிலையைக் கண்ணில் கண்டுவிட்டோம் என்றால், நோய் முற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

முயலைப் பொறுத்தவரை, உண்ணாமையும் புழுக்கை இடாமையும் தலையாய எச்சரிக்கைகள். 'லங்கணம் பரம ஔஷதம்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வயிறு சரியில்லை என்றால் ஒரு வேளை பட்டினி கிடப்பது மனிதருக்கு நன்மையாகலாம். முயலுக்கு அதுவே நஞ்சு. புல்லின் நாரைச் செரிக்கும் அதன் குடல் இடைவிடாது இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வலி, அச்சம், வெப்பம், பல் கோளாறு என ஏதோ ஒரு காரணத்தால் உணவு நின்றால் குடலின் இயக்கம் தளரும், வாயு சேரும், வலி மிகும், வலியால் உண்ணும் விருப்பம் மேலும் குறையும். இந்தச் சுழலில் சிக்கிய முயல் ஓரிரு நாள்களில் இறந்துவிடக்கூடும். ஆகவே 12 மணி நேரம் உணவைத் தொடாத முயலை அவசர நோயாளியாகவே கருத வேண்டும். 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. பூனையும் சில நாள்கள் தொடர்ந்து உண்ணாதிருந்தால், குறிப்பாக உடல் பருத்த பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இவ்வளவு விரைவாக நிலைமை மாறுவதால், வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் எளிய பரிசோதனை மிகுந்த பயன் தரும். சமையலறையில் பயன்படுத்தும் மின்னணுத் தராசில் வாரம் ஒருமுறை பிராணியை நிறுத்து, எடையைக் குறித்துவர வேண்டும். 900 கிராம் எடையுள்ள கினிப் பன்றி 100 கிராம் இழப்பது, 60 கிலோ எடையுள்ள மனிதர் ஆறு கிலோவுக்கும் மேல் இழப்பதற்கு ஒப்பாகும். கண்ணுக்குப் புலப்படாத இந்த இழப்பைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவரிடம் செல்லும்போது அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு சென்றால், பாதி நோய்க்குறிப்பு கையில் இருப்பதுபோல.

பல்லும் புல்லும்

முயல், கினிப் பன்றி ஆகிய இரண்டின் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முயலின் வெட்டுப்பல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வளரும். நார் மிகுந்த புல்லை நாள் முழுதும் அரைத்து மெல்லும்போதுதான் இந்த வளர்ச்சிக்கு ஈடாகப் பற்கள் தேயும். கேரட்டும் பிஸ்கட்டும் சோறும் தின்று வளரும் முயலுக்கு அந்தத் தேய்மானம் கிடைப்பதில்லை. கடைவாய்ப் பற்களில் கூரிய முனைகள் தோன்றி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கின்றன. வாயில் எச்சில் ஒழுகும், தாடை ஈரமாகும், பசியிருந்தும் உண்ண முடியாது. முன்பற்களை மட்டும் பார்த்துவிட்டு 'பல் நன்றாக இருக்கிறது' என்று சொல்வது போதாது. கடைவாய்ப் பற்களைக் காண, காது பார்க்கும் கருவியின் கூம்பு முனையே உதவும். அந்தக் கருவி ஏறக்குறைய எல்லாச் சிகிச்சையகங்களிலும் இருக்கிறது. முயலின் வாயைப் பார்க்க அதைப் பயன்படுத்தும் வழக்கம்தான் வேண்டும்.

கேரட் முயலின் இயற்கை உணவு என்பது படக்கதைகள் பரப்பிய நம்பிக்கை. இனிப்பு மிகுந்த அந்தக் கிழங்கை எப்போதாவது ஒரு துண்டு கொடுப்பதே சரி. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் அறுகம்புல்லை நன்கு கழுவிக் கொடுக்கலாம். உலர்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். முயல் பண்ணைகளில் பயன்படும் குதிரைமசால் சத்து மிகுந்த தீவனம்தான். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால், வளர்ந்த முயலுக்கு அதையே முழு உணவாக்கினால் சிறுநீர்ப் பையில் கல் சேரலாம்.

கினிப் பன்றிக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. மனிதரைப்போல அதன் உடலாலும் வைட்டமின் சி-யை உருவாக்கிக்கொள்ள இயலாது. அது நாள்தோறும் உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஈறு வீங்கும், மூட்டு வலிக்கும், நடக்கவே மறுக்கும். குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, சிறிதளவு கொய்யா ஆகியவை இக்குறையைத் தடுக்கும். முயலுக்கான தீவனத்தையே கினிப் பன்றிக்கும் விற்கும் கடைகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அதேபோல், தினையை மட்டுமே தின்று வாழும் சிறு கிளிகளுக்கு வைட்டமின் ஏ குறைபாடும் சுண்ணாம்புக் குறைபாடும் வரும். சுண்ணாம்புச் சத்து குறைந்த பெண் பறவை முட்டையை வெளியேற்ற முடியாமல் தவித்து இறப்பதுண்டு. கீரையும், கூண்டில் செருகிவைக்கும் ஒரு துண்டு கடல்நுரையும் இதற்கு எளிய காப்பு.

ஒன்றின் மருந்து மற்றொன்றின் நஞ்சு

சிறு பிராணிகளின் மருத்துவத்தில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் மருந்து. ஓர் உயிரினத்துக்கு நன்மை செய்யும் மருந்து மற்றொன்றைக் கொல்லும் என்பதை இந்தியா பெரும் விலை கொடுத்துக் கற்றது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, அவற்றின் இறந்த உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. சில இனங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்த பிறகே, 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது.

வானில் நடந்த அந்தப் பேரழிவின் சிறு வடிவம் நம் வீட்டுக் கூண்டிலும் நடக்கிறது. முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர் ஆகியவற்றின் சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தில் 'சீக்கம்' என்னும் பை உள்ளது. புல்லைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை வாய்வழியே கொடுத்தால் அந்த நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, நச்சுக் கிருமிகள் பெருகுகின்றன. கடும் வயிற்றுப்போக்கு கண்டு பிராணி இறந்துவிடும். இவற்றுள் அமாக்சிசிலின் குழந்தைகளின் சளிக்கும் காய்ச்சலுக்கும் எழுதித் தரப்படுவது. பல வீடுகளின் மருந்துப் பெட்டியில் மிச்சமிருப்பது. முயல் தும்முகிறது என்று அதில் நான்கு சொட்டு கொடுப்பவர், அன்பினால்தான் அதைச் செய்கிறார். விளைவு என்னவோ மரணம்.

பூனைக்குப் பாராசிட்டமால் கொடுப்பதும் அத்தகையதே. அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. நாயின் உண்ணிக்குத் தெளிக்கப்படும் ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது. நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு ஆகாது. முயலின் காதுச் சொறிக்குக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐவர்மெக்டின் நல்ல பலன் தரும். அதையே ஆமைக்குப் போட்டால் ஆமை இறந்துவிடும்.

அளவும் ஒரு சிக்கல். 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு மருந்தில் ஒரு மில்லி கூடினால் பெரிய கேடில்லை. 120 கிராம் எடையுள்ள ஹாம்ஸ்டருக்கு ஒரு சொட்டு கூடினாலும் அது பல மடங்கு மிகை. எடையைக் கிராம் கணக்கில் நிறுக்காமல் மருந்து எழுதுவது இங்கே பொருந்தாது. வளர்ப்புப் பிராணிகளை விற்கும் கடைக்காரர் தரும் 'பவுடரை' நம்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரே கால்நடை மருத்துவம் செய்ய உரியவர்.

அறுவைச் சிகிச்சையும் இனப்பெருக்கமும்

அறுவைச் சிகிச்சைக்கு முன் நாயையும் பூனையையும் பட்டினி போடச் சொல்வார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் புகுந்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. முயலால் வாந்தி எடுக்க இயலாது. அதைப் பட்டினி போட்டால் முன்னர்ச் சொன்ன குடல் தளர்ச்சிதான் வரும். எனவே முயலுக்கு மயக்கம் கொடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்புவரை உணவு தரலாம். விழித்தவுடன் உண்ண வைப்பது சிகிச்சையின் பகுதி. 'வெறும் வயிற்றில் கொண்டு வாருங்கள்' என்ற வழக்கமான அறிவுரை முயலுக்கும் சொல்லப்பட்டால், அதை ஏன் என்று பணிவுடன் கேட்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு.

கருத்தடை முயலுக்குத் தேவையா என்று கேட்போர் பலர். முயலின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 31 நாள்கள். ஈன்ற உடனேயே அது மீண்டும் கருத்தரிக்கும். குட்டி முயல்களில் ஆண், பெண் வேறுபாட்டை அறிவது எளிதல்ல என்பதால், 'இரண்டும் பெண்' என்று விற்கப்பட்ட இணை சில மாதங்களில் பெருங்குடும்பமாகிவிடுவதுண்டு. பெருகிய முயல்களைப் பூங்காவிலும் கோயில் தோட்டத்திலும் விட்டுவருவது அடுத்த கட்டம். கூண்டில் வளர்ந்த முயல் அங்கே ஒரு நாய்க்கோ, பசிக்கோ இரையாகும். இதைத் தவிர, கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மிக அதிகம். வாங்கிய முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டிப் பாலினத்தை உறுதி செய்துகொள்வது, பின்னர் வரும் பல துன்பங்களைத் தடுக்கும்.

வெயிலும் வழிப்பயணமும்

முயலுக்கு வியர்ப்பதில்லை. உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே அது வெளியேற்றுகிறது. வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே அது துன்புறத் தொடங்கும். கத்தரி வெயிலில் மொட்டை மாடிக் கூண்டு அதற்கு அடுப்பு. நிழலும் காற்றோட்டமும் உள்ள தரைத்தளம், துணி சுற்றிய உறைநீர்ப் புட்டி, படுத்துக்கொள்ள ஓர் ஓட்டுத் துண்டு ஆகியவை கோடையைக் கடத்த உதவும். மூச்சிரைத்துச் சோர்ந்துவிட்டால், காதுகளை ஈரத்துணியால் துடைத்தபடி மருத்துவரிடம் விரைய வேண்டும். பனிநீரில் முக்கக் கூடாது.

சிகிச்சையகத்துக்கு எடுத்துச் செல்லும் முறையும் முக்கியம். சந்தையில் செய்வதுபோல முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. பின்பகுதியைத் தாங்காமல் தூக்கினால், அது திமிறி உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். காற்றோட்டமுள்ள பெட்டியில் துண்டு விரித்து, தெரிந்த உணவைச் சிறிது வைத்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் கொண்டு செல்வது நலம். அன்றைய புழுக்கையையும் ஒரு பொட்டலத்தில் எடுத்துச் செல்லலாம். மருத்துவருக்கு அது ஒரு சான்று.

உள்ளூர்ச் சிகிச்சையகம் செய்யக்கூடியவை

இவற்றுக்கெல்லாம் பெருநகரப் பல்நோக்கு மருத்துவமனைதான் வேண்டும் என்பதில்லை. சென்னை வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இல் உருவானது. அத்தகைய நிறுவனங்களில் தேர்ந்த வல்லுநர்கள் உள்ளனர். ஆனால் சங்கரன்கோவிலிலோ, அரூரிலோ உணவைத் தொடாமல் கிடக்கும் முயல் சென்னைக்கு வந்து சேரும்வரை காத்திராது. முதல் உதவியும் முதல் நோயறிதலும் உள்ளூரிலேயே கிடைத்தாக வேண்டும்.

அதற்கான செலவு அதிகமில்லை. கிராம் காட்டும் தராசு, ஒரு மில்லி ஊசிக்குழல்கள், சிறு பிராணிகளுக்கான மருந்தளவு அட்டை, நாய்கள் குரைக்கும் கூடத்திலிருந்து விலகிய ஓர் அமைதியான மூலை ஆகியவை போதும். நாயின் வாசனையும் குரலுமே ஒரு முயலை அச்சத்தில் உறையச் செய்யும் என்பதால் அந்த மூலை வெறும் வசதியன்று; மருத்துவத்தின் ஒரு கூறு. ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் பசு முதல் பறவை வரை பல உயிரினங்களைப் படித்து வெளிவரும் மருத்துவரால், எல்லாவற்றிலும் ஒரே அளவு பயிற்சி பெற்றிருக்க முடியாது. ஆகவே பணியில் இருப்போருக்கான குறுகிய காலப் பயிற்சிகளைப் பல்கலைக்கழகமும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் மாவட்டந்தோறும் நடத்தலாம். ஐயம் எழும்போது மூத்த வல்லுநரிடம் காணொளி வழியே கேட்கும் ஏற்பாடும் இன்று எளிது. தெரியாததைத் தெரியாது என்று கூறி உரிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் மருத்துவர் நம் நன்றிக்கு உரியவர்.

பசுக்களுக்கும் ஆடுகளுக்குமே மருத்துவர்கள் போதாத நிலையில் முயலைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. ஏழை உழவரின் கறவை மாட்டுக்குத்தான் முன்னுரிமை, அதில் ஐயமில்லை. இங்கே கேட்கப்படுவது தனித் துறையோ, பெரிய நிதியோ அன்று. அதே மருத்துவர், அதே மேசையில், சிறிது கூடுதல் அறிவோடு செயல்படும் வாய்ப்பே. மேலும், கினிப் பன்றியிடமிருந்தும் பூனைக்குட்டியிடமிருந்தும் குழந்தைக்குப் படர்தாமரை தொற்றும். நோயுற்ற கிளியிடமிருந்து நுரையீரல் தொற்று வரும். ஆமைத் தொட்டியிலிருந்து சால்மோனெல்லா கிருமி பரவும். கூண்டிலுள்ள பிராணியின் நலம், அதைக் கொஞ்சும் குழந்தையின் நலமும் ஆகும்.

சட்டமும் கடமையும்

1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதமோ 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அத்தொகை இன்று எவரையும் அச்சுறுத்தாது. அதைத் திருத்தும் பேச்சு செயலாக வேண்டும். பிராணிகள் விற்கும் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என 2018-இல் வெளியான விதிகள் கூறுகின்றன. அவ்விதிகள் நடைமுறையில் உயிர்பெற்றால், நோயுற்ற குட்டிகளும் பால்குடி மறவாத குட்டிகளும் விற்பனைக்கு வருவது குறையும். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அவற்றை வீட்டில் வளர்ப்பதே குற்றம் என்பதையும் பலர் அறியவில்லை.

சட்டத்தைவிட முன்னே நிற்க வேண்டியது நம் எண்ணம். சில நூறு ரூபாய்க்கு வாங்கிய முயலுக்கு அதைவிட அதிகமாகச் செலவழித்து வைத்தியம் பார்ப்பதா என்று தயங்குவோர் உள்ளனர். அந்த விலை கடைக்காரர் போட்டது. உயிரின் மதிப்பை அது அளப்பதில்லை. எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள்வரை வாழக்கூடிய ஓர் உயிரைப் பொறுப்பேற்கும் முன், அருகில் அதற்கு மருத்துவம் பார்ப்பவர் யார், அதற்கு மாதந்தோறும் எவ்வளவு செலவாகும், விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது யார் பார்த்துக்கொள்வார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும். விடை இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் முதல் உதவி.

குழந்தைக்கு அன்பைக் கற்பிக்கவே செல்லப் பிராணி வாங்குகிறோம் என்கிறோம். நோயுற்ற முயலைத் துண்டில் பொதிந்து மருத்துவரிடம் கொண்டு செல்லும் பெற்றோரைப் பார்க்கும் குழந்தை ஒரு பாடம் கற்கிறது. 'செத்தால் வேறொன்று வாங்கித் தருகிறேன்' என்று சொல்லும் பெற்றோரிடமிருந்தும் அது ஒரு பாடம் கற்கிறது. எதைக் கற்பிப்பது என்பது நம் கையில் இருக்கிறது.